கொலராடோவில் ஓநாய்: கன்றைக் காப்பது எப்படி, இழப்பை ஏற்பது யார்?

தேன்மலை கேட்டது:

1940களிலேயே சுட்டும் விஷம் வைத்தும் கொலராடோவில் ஓநாயை ஒழித்துவிட்டார்கள். 2020 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் (முன்மொழிவு 114) ஏறக்குறைய 51 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றதால் அவை திரும்ப வந்தன. 2023 டிசம்பரில் ஓரிகன் மாநிலத்திலிருந்து 10, 2025 ஜனவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 15. ‘ஆம்’ போட்டவர்கள் பெரும்பாலும் டென்வர், போல்டர் பக்கத்து நகரத்தார். ஓநாய்களை விட்டது ராக்கி மலைத்தொடருக்கு மேற்கே, மாடு வளர்ப்பவர்களின் ஊரில்.

இதைப் பற்றித் தமிழில் வாசிக்கக் கிடைப்பவை எல்லாம் ‘இயற்கை மீண்டது’ என்றோ ‘மாடுகள் அழிகின்றன’ என்றோ நின்றுவிடுகின்றன. விவரம் தெரிந்தவர்களிடம் கேட்க மூன்று விஷயங்கள் இருக்கின்றன. எந்தக் காவல் முறை எந்த நிலத்தில் பலிக்கிறது, எங்கே கைவிடுகிறது? மாடு ஒன்றுக்கு 15,000 டாலர் வரை இழப்பீடு இருந்தும் ஏன் கோபம் அடங்கவில்லை? மாட்டைக் கொன்ற ஓநாயைச் சுட்டால் பிரச்சினை தீருமா?

---

கிடைக்காவல் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். இரண்டாவதை மற்றவர்கள் நன்றாக விளக்குவார்கள்.

எந்த முறையை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கால்நடை இரவில் ஓரிடத்தில் சேர்கிறதா, சிதறிக் கிடக்கிறதா? ஆட்டு மந்தையை இரவில் கிடை சேர்க்கலாம். நம் கீதாரிகள் செய்வதும் அதுதான். கொலராடோவின் மலை மேய்ச்சலில் தாய்மாடும் கன்றும் கோடை முழுக்க ஆயிரக்கணக்கான ஏக்கரில் தம் போக்கில் மேய்கின்றன. அங்கே வேலி எதுவும் பேச்சுக்கே வராது.

வேலி பலிக்கும் இடம் கன்று ஈனும் சிறு மேய்ச்சல் திடல். அங்கே ஃப்ளாட்ரி என்ற கொடிக்கயிறு கட்டுகிறார்கள். கிழக்கு ஐரோப்பாவில் ஓநாயை வளைத்து வேட்டையாடப் பயன்பட்ட பழைய உத்தி இது. சுமார் 50 செ.மீ நீளம், 10 செ.மீ அகலம் உள்ள சிவப்புத் துணியைக் கயிற்றில் 45 செ.மீ இடைவெளியில் தைத்துத் தொங்கவிட வேண்டும். துணியின் நுனி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருக்க வேண்டும். காற்றில் ஆடும் புதுப்பொருளைத் தாண்ட ஓநாய் தயங்கும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் செய்த சோதனையில் இது 60 நாள் வரை தாக்குப்பிடித்தது. அதற்கு மேல் பழகிவிடும். எனவே கன்று ஈனத் தொடங்கும் நாளில் கட்டி, முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். ஆண்டு முழுக்கத் தொங்கவிட்டால் முக்கியமான மாதத்தில் அதற்கு மதிப்பு இருக்காது.

இது கெடும் வழிகளும் எல்லாம் தெரிந்தவைதான். காற்றில் துணி கயிற்றைச் சுற்றிக்கொண்டால் அந்த இடம் திறந்த வாசல். கன்றுகள் துணியைக் கடித்து இழுக்கும், அதனால் மாட்டுவேலிக்கு வெளியே ஓரிரு மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும். பனி கொட்டினால் கீழ்ப்பாதி புதைந்துபோகும். பள்ளமான இடத்தில் கயிறு நேராக ஓடி அடியில் சந்து விட்டுவிடும். அங்கே கூடுதலாக ஒரு கம்பு நட்டுக் கயிற்றைத் தாழ்த்த வேண்டும். ஓநாய் வேலியைத் தாண்டுவதைவிட அடியில் நுழையவே முதலில் பார்க்கும் என்பதை மறக்கக் கூடாது.

துணிக்கயிற்றுக்குப் பதில் மின்கயிறு போட்டால் பயம் நீடிக்கும். ஆனால் 3,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த அடர்ந்த முடி வழியாக உறைக்காது. வோல்ட்மீட்டரை எனர்ஜைசர் (வேலிக்கு மின்சாரம் செலுத்தும் கருவி) அருகே வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்று போய்விடுகிறார்கள். வேலியின் கடைக்கோடியில் பார்க்க வேண்டும். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் அங்கேயே கசிந்துவிடும். எர்த் கம்பி ஒன்று போதாது. 1.8 மீட்டர் நீளத்தில் மூன்று, 3 மீட்டர் இடைவெளியில் அடிக்க வேண்டும். உலர்ந்த பனியின் மேல் நிற்கும் விலங்குக்கு எர்த் கிடைக்காது, ஷாக்கும் அடிக்காது. பனிக்காலத்து மின்வேலி தோற்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

செத்த மாட்டை அப்புறப்படுத்துவது எல்லாவற்றையும்விட மலிவான காவல். கன்று ஈனும் காலத்தில் செத்துப் பிறந்த கன்று, நஞ்சுக்கொடி, நோயில் விழுந்த மாடு எல்லாவற்றையும் பண்ணை மூலையில் ஒரு குழியில் போடுவது அங்கே நெடுநாள் பழக்கம். அந்த வாசனைக்கு வந்த ஓநாய்க்குப் பக்கத்திலேயே உயிருள்ள கன்று தெரியும். மொன்டானாவின் பிளாக்ஃபுட் பள்ளத்தாக்கில் பண்ணைக்காரர்களே கூடி 2003 முதல் செத்த கால்நடைகளை வண்டி வைத்து எடுத்து மக்கவைக்கிறார்கள். கரடிக்காகத் தொடங்கியது, ஓநாய்க்கும் பயன்பட்டது. 2008 முதல் ரேஞ்ச் ரைடர் என்ற குதிரைக் காவலாளையும் வைத்தார்கள்.

திறந்த மலையில் பலிப்பது இந்தக் குதிரைக் காவலாள் ஒன்றுதான். ஆனால் சும்மா சுற்றிவரும் ஆளால் பயனில்லை. மாட்டைப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கன்றில்லாமல் கத்திக்கொண்டு ஒரே இடத்தைச் சுற்றும் தாய், பால் கட்டி மடி விறைத்த தாய், காலையில் மிரண்டு ஒரே கூட்டமாக நிற்கும் மந்தை. இவற்றைப் பார்த்த அன்றே தேடினால்தான் உடல் கிடைக்கும். ஓநாய்க் குட்டிகள் ஏப்ரல் நடுவில் பிறந்து ஜூலை, ஆகஸ்டில் நிறையத் தின்னும். மாடுகள் மலையில் இருப்பதும் அந்த மாதங்களில்தான். குகை இருக்கும் பக்கம் உப்புக்கட்டி வைக்காமல், எதிர்ப்பக்கம் வைத்து மாட்டை நகர்த்துவது காவலாளின் வேலையில் பாதி.

நாய் பற்றி: மாட்டை ஓட்டும் பார்டர் கோலி வேறு, மந்தையைக் காக்கும் கிரேட் பிரனீஸ், அக்பாஷ், கங்கால் வேறு. காவல் நாய்க்குட்டியை 8 வாரம் முதல் 16 வாரம் வரை ஆடுகளோடே வளர்த்தால்தான் மந்தையைத் தன் குடும்பமாக நினைக்கும். ஓநாய் நாயைப் போட்டி விலங்காகப் பார்க்கும். ஒற்றை நாயைக் கூட்டம் கொன்றுவிடும். ஆணிப்பட்டை கட்டிய நாய்கள் பல இருக்க வேண்டும். குட்டி போட்ட குகை அருகே மந்தையைக் கொண்டுபோனால் அந்த நாய்களும் பிழைக்காது.

---

தேன்மலை:

மிக்க நன்றி ஐயா. ஆட்டுக்குச் சரி, மாட்டுக்குக் கடினம் என்று புரிகிறது. ஆடு, மாடு இரண்டிலும் இந்த முறைகளை வருடக்கணக்கில் அளந்து பார்த்த இடம் ஏதாவது உண்டா?

---

சரிவுநிலம் எழுதியது:

ஆட்டுக்கு உண்டு. ஐடஹோ மாநிலத்தின் வுட் ரிவர் பகுதியில் 2008 முதல் 2014 வரை 7 கோடைகள். காவல் நாய், இரவுக் கிடை, கொடிக்கயிறு, விளக்கு, ஏர் ஹார்ன், கூடவே தங்கும் ஆட்கள் என்று எல்லாம் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். இந்த முறைகள் இல்லாத பக்கத்துப் பகுதியில் ஓநாயால் இறந்த ஆடுகள் 3.5 மடங்கு அதிகம். காவல் இருந்த பகுதியில் ஆண்டு இழப்பு மொத்த ஆட்டில் 0.02 சதவீதம்தான்.

மாட்டுக்கு இவ்வளவு தெளிவான அளவீடு இல்லை. மாட்டுக்காரர் கோபத்தில் நியாயம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆட்டில் வந்த எண்ணைக் காட்டி மாட்டுக்காரரிடம் ‘நீங்கள் முயலவில்லை’ என்று சொல்வது தவறு.

---

ரத்தக்கட்டு எழுதியது:

இழப்பீட்டுக் கேள்விக்கு வருகிறேன். 15,000 டாலர் என்பது உச்சவரம்பு. கையில் வரும் தொகை சந்தை விலையைப் பொறுத்தது. அதைவிடப் பெரிய சிக்கல், ‘கொன்றது ஓநாய்தான்’ என்று நிரூபிப்பது.

அங்கே வனவிலங்குத் துறை அலுவலர் வந்து உடலைத் தோலுரித்துப் பார்ப்பார். கடிபட்ட இடத்தில் தோலுக்கு அடியில் சதை கன்றி ரத்தம் உறைந்திருந்தால், இதயம் துடித்துக்கொண்டிருந்தபோது கடித்தது என்று பொருள். ரத்தக்கட்டு இல்லாத கிழிசல் என்றால் செத்த பிறகு தின்றது. ஓநாய் மாட்டைப் பின்னங்காலின் பின்பக்கம், தொடையிடுக்கு, அக்குள், வால் அடி என்று பிடிக்கும். கயோட்டி (ஓநாயைவிடச் சிறிய, நரி போன்ற விலங்கு) ஆட்டின் தொண்டையைப் பிடிக்கும். கோரைப்பல் துளைகளின் இடைவெளி ஓநாய்க்கு சுமார் 4.5 முதல் 5 செ.மீ, கயோட்டிக்கு அதைவிட நன்றாகக் குறைவு. காலடித் தடம் ஓநாய்க்கு 10 செ.மீக்கு மேல், கயோட்டிக்கு 6 செ.மீ சுற்றி.

பண்ணைக்காரர் செய்ய வேண்டியது: கண்டவுடனே தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் கல்லை வைத்து, நாய்களைக் கட்டிப்போட வேண்டும். தார்ப்பாய் போடுமுன் அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும், சுற்றியுள்ள தடங்களின் மேல் வாளி கவிழ்க்க வேண்டும், அன்றைக்கே தகவல் சொல்ல வேண்டும். கோடை வெயிலில் ஒரு நாள் தாமதித்தாலே சதை அழுகி, கன்றிய இடத்துக்கும் அழுகிய இடத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். கழுகும் கயோட்டியும் இரண்டு நாளில் எலும்பை மட்டும் விட்டுவைக்கும். அப்புறம் ‘உறுதி செய்யப்படவில்லை’ என்ற சொல்தான் மிஞ்சும்.

எத்தனை உடல் கிடைக்காமலே போகிறது? மத்திய ஐடஹோவின் காட்டு மேய்ச்சலில் கன்றுகளுக்கு ரேடியோ கருவி மாட்டிப் பார்த்த ஆய்வில், ஓநாய் கொன்ற 8 கன்றில் ஒன்றுதான் கண்டுபிடிக்கப்படுகிறது என்று கணக்கிட்டார்கள். காணாமல் போன கன்றுக்கும் பெருக்கிக் கொடுக்கும் முறை இப்படிப்பட்ட கணக்கிலிருந்து எழுந்தது. கொலராடோ திட்டத்தில் திறந்த மேய்ச்சலில் உறுதியான ஒரு கன்றுக்கோ ஆட்டுக்கோ 7 வரை கணக்கிடலாம். ஆனால் அதைக் கேட்க, தடுப்பூசிப் பதிவும் முன்னாண்டுகளின் கன்று எண்ணிக்கையும் கையில் இருக்க வேண்டும். மே மாதம் மலையேற்றிய கன்றுக்கும் அக்டோபரில் இறக்கிய கன்றுக்கும் காதுவில்லை எண் வாரியாகப் பதிவு வைக்காதவருக்கு இந்த வழி அடைபட்டுவிடும்.

இன்னொன்று எடை. மேற்கு மொன்டானாவில், ஓநாய்த் தாக்குதல் நடந்த மந்தைகளில் உயிரோடிருந்த கன்றுகளும் சராசரி 22 பவுண்டு, ஏறக்குறைய 10 கிலோ, குறைவாக எடையேறின. மிரண்ட மந்தை மேயாது, சினைப்பிடிப்பும் பாதிக்கும். ஒரு பண்ணையின் மொத்தக் கன்றிலும் 10 கிலோ குறைந்தால், செத்த கன்றுகளின் விலையை அது மிஞ்சிவிடும். கொலராடோவில் 2025 மார்ச்சில் கிராண்ட் கவுண்டியின் (மாவட்டத்தின்) இரு பண்ணைகளுக்கு மட்டும் சுமார் 3,43,000 டாலர் அனுமதித்தார்கள். அதில் பெரும்பகுதி இந்த எடைக்குறைவுக்கும் சினைப்பிடிப்புக் குறைவுக்கும் காணாமல் போனவற்றுக்கும்தான். இழப்பீட்டுக்கான நிதியே ஆண்டுக்கு 3,50,000 டாலர். இரண்டு பண்ணைக்கே ஓராண்டு நிதி தீர்ந்தது என்றால், திட்டம் போட்டவர்கள் கன்றுச் சாவை மட்டுமே மனத்தில் வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

---

சரிவுநிலம்:

மேலே உள்ளதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஒன்று சேர்க்க வேண்டும்: இழப்பீடு சாவுக்குப் பின் வருவது, காவல் செலவு சாவுக்கு முன் வருவது. குதிரைக் காவலாளின் சம்பளம், இரவில் கிடையருகே தங்கும் ஆளின் கூலி, இவையெல்லாம் ஒரு கன்றும் சாகாத நல்ல வருடத்திலும் ஆகும் செலவு. இதை ஏற்பது யார் என்பதில்தான் உண்மையான சண்டை. ‘ஆம்’ போட்ட நகரம் வரி மூலம் இதில் பங்கெடுக்க வேண்டும். 2024 முதல் விற்கும் ஓநாய்ப் படம் போட்ட வண்டி நம்பர் பிளேட் வருமானம் காவல் முறைகளுக்குப் போகிறது, நல்ல தொடக்கம்தான். ஆனால் சம்பளம் போடும் அளவுக்கு நிலையான நிதி வேண்டும்.

---

வடக்குமலை எழுதியது:

மூன்றாவது கேள்வி, சுடுவது பற்றி. இரு தரப்பும் தங்களுக்குப் பிடித்த ஆய்வை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். 2014இல் வந்த ஓர் ஆய்வு, ஓநாயைக் கொன்றால் அடுத்த ஆண்டு கால்நடைச் சாவு கூடுகிறது என்றது. அதே தரவை எடுத்து 2016இல் வேறு குழுவினர் கணக்கிட்டு, அந்த முடிவு நிற்கவில்லை என்று காட்டினார்கள். இன்றும் முதல் ஆய்வை மட்டும் மேற்கோள் காட்டுவோர் நிறைய. அது நேர்மையில்லை.

என் பார்வையில் பயனுள்ள எண்கள் மொன்டானா, ஐடஹோ, வயோமிங்கில் 1989 முதல் 2008 வரை நடந்த தாக்குதல்களை ஆராய்ந்ததில் உள்ளன. ஒன்றையும் கொல்லாவிட்டால் அடுத்த தாக்குதல் வரையான காலத்தின் நடுமதிப்பு (மீடியன்) 19 நாள். கூட்டத்தில் சிலவற்றைக் கொன்றால் 64 நாள். கூட்டம் முழுவதையும் எடுத்தால் 730 நாள். சிலவற்றை மட்டும் கொல்வது, தாக்குதல் நடந்து 7 நாளுக்குள் செய்தால்தான் நன்கு பலித்தது. ஆக, சுடுவதாக இருந்தால் விரைவாகச் சுட வேண்டும். மாதக்கணக்கில் யோசித்துவிட்டு ஒன்றைச் சுடுவதில் ஓநாய்க்கும் லாபமில்லை, மாட்டுக்காரருக்கும் லாபமில்லை.

கூட்டம் முழுவதையும் எடுப்பது மொன்டானாவில் ஒரு வழி. மொத்தமே 30, 40 ஓநாய் உள்ள கொலராடோவில் அது திட்டத்தையே குழிதோண்டிப் புதைப்பது. காப்பர் க்ரீக் கூட்டத்தின் கதையில் இந்த இழுபறி முழுதும் தெரியும். ஓரிகனிலிருந்து வந்த ஒரு ஜோடி 2024 ஏப்ரலில் கிராண்ட் கவுண்டியில் கால்நடைகளைக் கொல்லத் தொடங்கியது. சுட அனுமதி கேட்டார்கள். பெண் ஓநாய் குட்டி ஈனும் நேரம் என்று துறை மறுத்தது. கோடை முழுக்கச் சாவுகள் தொடர்ந்தன. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் கூட்டத்தைப் பிடித்தார்கள். ஏற்கெனவே காலில் குண்டடிபட்டிருந்த ஆண் ஓநாய் பிடித்த சில நாளில் இறந்தது. தாயையும் 4 குட்டிகளையும் அடைத்து வைத்து, 2025 ஜனவரியில் வேறிடத்தில் விட்டார்கள். அங்கும் கால்நடைச் சாவு தொடங்க, மே மாதம் அந்தக் குட்டிகளில் ஒன்றைத் துறையே பிட்கின் கவுண்டியில் சுட்டது.

2024இன் அனுபவத்துக்குப் பிறகுதான் ‘தொடர் தாக்குதல்’ என்பதற்கு வரையறை வந்தது: அதே ஓநாய்கள் 30 நாளில் 3 தாக்குதல், அதில் குறைந்தது ஒன்றுக்குத் தெளிவான சான்று. இந்த வரையறை 2023 டிசம்பருக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். விடும் முறையிலும் கோளாறு உண்டு. ஓரிகனிலிருந்து எடுத்தவற்றில் சில, கால்நடையைக் கொன்ற வரலாறுள்ள கூட்டத்தைச் சேர்ந்தவை. பக்கத்து வயோமிங், மொன்டானா, ஐடஹோ தர மறுத்ததால் கிடைத்ததை எடுத்தார்கள். 2025இல் அந்தத் தவறைத் திருத்தி, கால்நடை அருகில் இல்லாத பகுதியிலிருந்து எடுத்தார்கள்.

---

வில்லோ எழுதியது:

ஓநாயைத் திரும்பக் கொண்டுவந்த அமெரிக்கத் தேசியப் பூங்காவான யெல்லோஸ்டோனை யாரும் தொடவில்லையே? ‘ஓநாய் வந்தது, மான் குறைந்தது, மரம் தழைத்தது, ஆறே மாறியது’ என்ற கதை வாக்கெடுப்பு நேரத்தில் நிறையச் சுற்றியது. அதனால் சொல்கிறேன்.

1995இல் 14, 1996இல் 17 ஓநாய்களைக் கனடாவிலிருந்து கொண்டுவந்து, சுமார் 10 வாரம் அடைப்பில் வைத்துப் பழக்கிவிட்டு விட்டார்கள். கொலராடோவில் பெட்டியைத் திறந்து நேராக விட்டார்கள், வேறுபாட்டைக் கவனியுங்கள். வடக்கு யெல்லோஸ்டோனில் எல்க் மான் 1994இல் 19,045 எண்ணப்பட்டது, 2013இல் 3,915. இது உண்மை. ஆனால் அதே காலத்தில் கரடியும் பூமாவும் பெருகின, பூங்காவுக்கு வெளியே மனித வேட்டையும் நடந்தது, வறட்சியும் இருந்தது. முழுப் பெருமையையும் ஓநாய்க்குக் கொடுக்க முடியாது.

ஓடைக்கரையில் வளரும் வில்லோ செடிக்கு வந்தால், 2001இல் தொடங்கி 20 ஆண்டு நடந்த பரிசோதனையின் முடிவு 2024இல் வெளியானது. மான் தின்னாதபடி வேலி போட்ட இடத்திலும் வில்லோ முழுக்க மீளவில்லை. பீவர் (ஓடையில் அணை கட்டும் கொறிவிலங்கு) கட்டிய அணைகள் 70 ஆண்டு முன்பே அழிந்து ஓடை ஆழமாக அரித்துவிட்டதால் நிலத்தடி நீர் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிட்டது. செயற்கை அணை கட்டி நீரை உயர்த்தி, வேலியும் போட்ட இடத்தில்தான் செடி நன்றாக உயர்ந்தது. ஓநாயை 70 ஆண்டு இல்லாமல் செய்தால், திருப்பி வைத்தவுடன் எல்லாம் திரும்பிவிடாது. ஓநாய்க்கு அந்த மண்ணில் இருக்க உரிமை உண்டு என்பதே போதுமான காரணம். ஆற்றைத் திருப்பும் என்று வாக்குக் கொடுத்து விற்க வேண்டியதில்லை. அப்படி விற்றவர்கள்மீது மாட்டுக்காரருக்கு நம்பிக்கை போனதில் வியப்பில்லை.

---

தேன்மலை:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. ஓநாய் கழுத்தில் ஜி.பி.எஸ் பட்டை இருக்கிறதே. அது எங்கே இருக்கிறது என்று பண்ணைக்காரருக்கு அப்போதைக்கு அப்போதே சொன்னால் பாதிப் பிரச்சினை தீராதா? மனிதரைத் தாக்கும் பயமும் அங்கே பேசப்படுகிறதா?

---

கிடைக்காவல்:

பட்டை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை இடத்தைப் பதிகிறது. நான்கு பதிவு சேர்ந்ததும் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. அதாவது துறைக்கே தகவல் 16 மணி நேரத் தொகுப்பாக வருகிறது. அதற்குள் ஓநாய் 30 கிலோமீட்டர்கூடப் போயிருக்கலாம். அடர்ந்த காட்டிலும் பள்ளத்திலும் சமிக்ஞை தவறும். பட்டை இல்லாத குட்டிகளும் வளர்ந்துவருகின்றன. பொதுமக்களுக்கு மாதம் ஒருமுறை நீர்ப்பிடிப்புப் பகுதி வாரியான வரைபடம்தான் தருகிறார்கள். துல்லியமான இடம் வெளியானால் சுட்டுவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதே. வயோமிங் எல்லையைத் தாண்டினால் அந்த மாநிலத்தின் பெரும்பகுதியில் உரிமம் இல்லாமலே ஓநாயைச் சுடலாம். ஆனாலும் அருகிலுள்ள பண்ணைக்கு அலுவலர் தொலைபேசியில் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அதை ஒழுங்குபடுத்தி, காவலாளுக்கு நேராகத் தகவல் போகச் செய்வது சரியான கோரிக்கை.

மனிதரைத் தாக்குவது பற்றி: 2002 முதல் 2020 வரையான உலகத் தொகுப்பில் ஐரோப்பா, வட அமெரிக்கா சேர்த்து இறந்தவர்கள் 2 பேர், இருவரும் வட அமெரிக்காவில். உலகில் பெரும்பாலான தாக்குதல்கள் வெறிநோய் பிடித்த ஓநாயால் நடந்தவை. 2024இல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ரைச்சில் குழந்தைகள் பலியானதை வைத்து கொலராடோவை அளக்க வேண்டாம். வெளியில் தூங்கும் குழந்தை, கதவில்லாத வீடு, வயலுக்கு நடுவில் இரை இல்லாமல் வாழும் ஓநாய் என்று அந்த நிலைமையே வேறு. கொலராடோவில் கவனிக்க வேண்டியது வளர்ப்பு நாய். ஓநாய் இருக்கும் பகுதியில் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும், இரவில் முற்றத்தில் கட்டிப்போடக் கூடாது. கட்டிய நாயால் ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது.